நூலகர் எடுக்கும் இணைய வகுப்பு: மீட் போதுமா, கிளாஸ்ரூம் வேண்டுமா, மூடுல் தாங்குமா?

‘ஆய்வும் வெளியீட்டு அறமும்’ என்ற 2 கிரெடிட் பாடத்தை பிஎச்டி மாணவர்களுக்கு யுஜிசி 2020 ஜனவரியில் கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து கல்லூரி நூலகரின் மேசைக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. மொத்தம் 30 மணி நேரம், ஆறு அலகுகள். தத்துவம், ஆய்வு நடத்தை, வெளியீட்டு அறம் ஆகிய முதல் மூன்றையும் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். திறந்த அணுக்க (யாரும் கட்டணமின்றிப் படிக்கும்) வெளியீடு 4 மணி, வெளியீட்டு முறைகேடு 4 மணி, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் 7 மணி என்று பின்னால் வரும் மூன்றும் செய்முறை. அந்த 15 மணி நேரத்துக்கு நேராக நூலகர் பெயரை எழுதிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பகுதிநேர ஆய்வாளர்கள் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், அதனால் ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள் என்பது அதன் தொடர்ச்சி.

எடுக்கலாம். எந்த வழியில் எடுப்பது என்பதுதான் கேள்வி. ஒரு கல்லூரி நூலகர், ஒரு உதவியாளர், 60 ஆய்வாளர்கள், அந்த 15 மணி நேரம், கையில் பணம் ஏறக்குறைய இல்லை. இந்த நிலைமையை வைத்துக்கொண்டு, கைக்கு எட்டும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் இரண்டு கணக்கு

எந்த மென்பொருள் நல்லது என்று தேடத் தொடங்கினால் ஒரு வாரம் போய்விடும். அதற்கு முன் போட வேண்டிய கணக்குகள் இரண்டு.

ஒன்று, திருத்தும் நேரம். ஒரு அசைன்மென்டைத் திறந்து படித்து, இரண்டு வரி குறிப்பு எழுதி, மதிப்பெண் போட 6 நிமிடம் என்று வையுங்கள். 60 பேருக்கு 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம். நான்கு அசைன்மென்ட் கொடுத்தால் 24 மணி நேரம். புத்தகம் கொடுத்து வாங்குவது, பருவ இதழ்களுக்குப் புதுப்பித்தல் எழுதுவது, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு தயாரிப்பது எல்லாவற்றுக்கும் நடுவே 24 மணி நேரம். பெரும்பாலான நூலக வகுப்புகள் மூன்றாம் வாரத்தில் படுத்துவிடுவதற்குக் காரணம் பாடம் சரியில்லாதது அல்ல. இரண்டாம் வார அசைன்மென்ட் திருத்தப்படாமல் கிடப்பதைப் பார்த்து மாணவர்கள் மூன்றாவதை அனுப்புவதில்லை, அவ்வளவுதான். எனவே கையால் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று, மற்றவை கணினி தானே திருத்தும் வினாக்கள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட வேண்டும். இந்த முடிவு எந்த மேடை வேண்டும் என்பதில் பாதியைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, பாடத்தின் ஆயுள். தரமான இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலில் ஒரு இதழ் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று ஏராளமான வீடியோக்கள் எடுக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே யுஜிசி கைவிட்டது. வீடியோக்கள் யூடியூபில் அப்படியே இருக்கின்றன, தவறான வழியைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டு. கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளும் அப்படியே. பல்கலைக்கழகங்களுக்கு அந்த மென்பொருளைத் தரும் ஷோத்சுத்தி திட்டம் 2019-இல் தொடங்கியபோது உர்குண்டு இருந்தது. அது ஒரிஜினல் என்று பெயர் மாறியது. பிறகு டிரில்பிட் வந்தது. ஒவ்வொரு முறையும் திரை மாறியது, அறிக்கையின் வடிவம் மாறியது. 2025 ஜனவரி 1-இல் இதழ்களுக்கு ஒன்றிய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்ததும் அரசு நிறுவனங்களில் இதழ்களுக்குள் நுழையும் வழியும் மாறியது.

மாறாதவையும் உண்டு. டிஓஐ எண் (ஒரு கட்டுரைக்குரிய நிரந்தர இணைய அடையாளம்) என்றால் என்ன, ஒரு மேற்கோள் குறிப்பின் உறுப்புகள் எவை, ஆய்வாளரின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை அளக்கும் எச்-இன்டெக்ஸைக் கணக்கிடுவது எப்படி, தேடலில் ‘அண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்ன செய்யும் என்பவை ஐந்து ஆண்டுக்குப் பிறகும் இப்படியேதான் இருக்கும். 2018-ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில் உள்ள அடுக்குகளை (பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல்) புதிய விதிமுறை வரும்வரை வைத்துக்கொள்ளலாம். பாடப் பொருளை இப்படி இரண்டாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். மாறாததை வீடியோவாகப் பதியலாம். மாறுவதை நேரலையில் காட்ட வேண்டும், அல்லது ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும். குறிப்பில் ஒரு வரியைத் திருத்த இரண்டு நிமிடம், வீடியோவைத் திருத்த அரை நாள்.

நேரலை மட்டும்

மிகச் சுலபமாகத் தொடங்கக்கூடிய வழி இது. சாதாரண ஜிமெயில் கணக்கில் கூகுள் மீட் 100 பேரை ஏற்கும், மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். ஜூம் இலவசக் கணக்குக்கும் 100 பேர்தான், 40 நிமிடம்தான். கல்லூரிக்கு கூகுளின் இலவசக் கல்விக் கணக்கு இருந்தால் மீட்டில் நேரக் கட்டுப்பாடு போய்விடும். ஆனால் அந்த இலவசப் பதிப்பில் வகுப்பைப் பதிவு செய்யும் வசதியும் வருகைப் பட்டியலும் கிடையாது. வகுப்பு தொடங்கிய பிறகு ‘ரெக்கார்டு’ பொத்தானைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். பதிவு வேண்டுமென்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளை நூலகக் கணினியில் ஓடவிட்டுத் திரையைப் பதிந்துகொள்ளுங்கள்.

நேரலையின் பெரிய சிக்கல் வேறு. வகுப்பில் பாதிப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் நீங்கள் தேடிக் காட்டிக்கொண்டே “நீங்களும் கூடவே செய்யுங்கள்” என்கிறீர்கள். மீட் ஓடும் அதே கைப்பேசியில் அவர்கள் எப்படிச் செய்வார்கள்? வகுப்பை விட்டு வெளியே போய்த் தேடினால் உங்கள் திரை மறைகிறது, உங்கள் திரையைப் பார்த்தால் தேட முடியவில்லை. ஆகவே ‘கூடவே செய்வது’ என்பதை விட்டுவிட்டு மாற்றி மாற்றிச் செய்யவையுங்கள். 8 நிமிடம் காட்டுங்கள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டு 10 நிமிடம் தேடவிடுங்கள், திரும்பி வந்ததும் கிடைத்ததைச் சாட்டில் போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் இப்படி இரண்டு சுற்றுதான் முடியும். மூன்றாவதைத் திட்டமிடாதீர்கள். பிரவுசரை 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிவிட்டே திரையைப் பகிருங்கள். உங்கள் மேசைக் கணினியில் நன்றாகத் தெரியும் எழுத்து, ஆறு அங்குலக் கைப்பேசியில் எறும்பு வரிசைதான்.

வருகைப்பதிவு இன்னொரு தொல்லை. மீட்டில் வரும் பெயர்களில் பாதி அப்பா பெயர், தம்பி பெயர், சில நேரம் போன் கம்பெனியின் பெயர். வகுப்பின் 35-ஆம் நிமிட அளவில் ஒரு சொல்லைச் சொல்லி, அதைப் பதிவு எண்ணோடு கூகுள் ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு ஃபார்மை மூடிவிடுங்கள். இணைப்பைத் திறந்துவிட்டுப் போய்விட்டவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் பயிற்சிக்கும், புதிதாக வந்த தரவுத்தளத்தை அறிமுகப்படுத்தவும் நேரலை போதும். 15 மணி நேரக் கிரெடிட் பாடத்துக்குப் போதாது. மாணவர் என்ன கற்றார் என்பதற்கு அதில் எந்தத் தடயமும் மிஞ்சாது.

யூடியூபும் வாட்ஸ்ஆப்பும்

பாடங்களைப் பதிந்து, யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றி, இணைப்பை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது. தமிழ்நாட்டில் மிகுதியாக நடப்பது இதுதான், மாணவர்களுக்கும் பழகிய வழி. ஆனால் இதைப் பாடம் நடத்துவது என்று சொல்ல முடியாது. பாடம் அனுப்புவது என்றே சொல்ல வேண்டும்.

வீடியோ எடுப்பவர்கள் கேமராவுக்குத்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது ஒலிக்கு. சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக் ஒன்று, மின்விசிறியை நிறுத்திய ஒரு சிறு அறை. நூலகத்தின் இதழ்ப் பிரிவு காலை நேரத்தில் இதற்கு நல்ல இடம். அலமாரிகள் நிறைய இதழ்கள் இருப்பதால் எதிரொலி குறையும். ஒரு வீடியோ 6, 7 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வீடியோவில் ஒரே ஒரு செயல். காரணம் கவனச் சிதறல் மட்டுமில்லை. ‘ஷோத்கங்காவைத் திறந்து, தேடி, இறக்கி, மேற்கோள் எழுதுவது’ என்று 30 நிமிடத்துக்கு எடுத்தால், தேடும் பக்கம் மாறிய அன்று 30 நிமிடமும் வீண். நான்காகப் பிரித்திருந்தால் ஒன்றை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். கோப்பின் பெயரில் மாதமும் ஆண்டும் சேர்த்து வையுங்கள்.

டேட்டா கணக்கையும் பாருங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் 10 நிமிட வீடியோ 75 எம்பி. ஸ்லைடும் குரலும் மட்டும் இருக்கும் பாடத்தை இதில் பாதி வீதத்தில் வைத்தாலும் எழுத்து தெளிவாகவே தெரியும், 37 எம்பியில் முடிந்துவிடும். நூலகர் முகம் மூலையில் சிறு கட்டத்தில் அசைந்துகொண்டே இருப்பது அளவைத்தான் கூட்டும். முதல் அரை நிமிடம் முகம் காட்டிவிட்டு எடுத்துவிடலாம்.

வாட்ஸ்ஆப் குழு 1,024 பேர் வரை தாங்கும், எண்ணிக்கை பிரச்சினை இல்லை. பிரச்சினை, மூன்றாம் நாள் போட்ட வீடியோ இணைப்பு ஐந்தாம் நாள் 200 ‘நன்றி ஐயா’வுக்கு அடியில் போய்விடுவது. அதைவிட முக்கியமானது, குழுவில் சேர்ந்த மாணவிகளின் கைப்பேசி எண்கள் முன்பின் தெரியாத 59 பேருக்குப் போய்விடுவது. வாட்ஸ்ஆப்பின் ‘கம்யூனிட்டி’ அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, நிர்வாகி மட்டுமே எழுத முடியும். வாட்ஸ்ஆப்பை வைத்துக்கொள்வதாக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் “இன்று மாலை 7 மணிக்கு வகுப்பு” என்று நினைவூட்ட மட்டும்.

கூகுள் கிளாஸ்ரூம்

சிறிய குழுவுக்கு, தொழில்நுட்ப ஆள் இல்லாத நூலகத்துக்கு, நம் பரிந்துரை இதுதான். சர்வர் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். பாடம், அசைன்மென்ட், மதிப்பெண் மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கும். இதிலும் கால் இடறும் இடங்கள் உண்டு.

முதல் இடறல் யாருடைய கணக்கில் வகுப்பைத் தொடங்குகிறீர்கள் என்பது. நூலகர் தம் சொந்த ஜிமெயிலில் தொடங்கிவிடுகிறார். இரண்டு ஆண்டில் மாறுதலோ ஓய்வோ வந்தால் வகுப்பும் அவரோடு போகும். நூலகத்தின் பெயரில் ஒரு கணக்கைக் கல்லூரி டொமைனில் வாங்கி அதில் தொடங்குங்கள், உதவியாளரை இணை ஆசிரியராகச் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவதை நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் ஒவ்வொரு புதிய ஆசிரியரும் ஒருமுறையாவது இதில் விழுகிறார். ஒரு பயிற்சித் தாளை கூகுள் டாக்கில் செய்து அசைன்மென்டோடு இணைக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு சிறு பட்டியில் மூன்று தெரிவுகள்: மாணவர் பார்க்க மட்டும், மாணவர் திருத்தலாம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல். வேண்டியது மூன்றாவது. அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் 60 பேரும் ஒரே தாளில் எழுதுவார்கள். ஒருவர் எழுதிய பதிலை அடுத்தவர் அழித்துத் தம் பதிலை எழுதுவார், இரவு 9 மணிக்கு ஐந்து பேர் ஒரே கட்டத்தில் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். வெளியிட்ட பிறகு ‘ஒவ்வொருவருக்கும் நகல்’ என்று மாற்ற முடியாது. அந்த அசைன்மென்டை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதைத் தவிர வழி இல்லை.

மூன்றாவது, வினாத்தாள். கிளாஸ்ரூமில் தேர்வு என்பது கூகுள் ஃபார்ம்தான். வினாக்களின் வரிசையைக் கலைக்கலாம், விடைகளின் வரிசையைக் கலைக்கலாம். ஆனால் 30 வினா கொண்ட தொகுப்பிலிருந்து ஆளுக்கு வேறு 10 வினா எடுத்துக் கொடு என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் அதே 10 வினா. முதலில் எழுதி முடித்தவர் திரையைப் படம்பிடித்து அனுப்பியதும் தேர்வு முடிந்த மாதிரிதான். அதனால் ஃபார்மில் நினைவாற்றல் வினா கேட்காதீர்கள். “டிஓஐ-இன் விரிவாக்கம் என்ன?” என்பது கேட்கத் தகாத வினா. “உங்கள் ஆய்வுத் தலைப்பில் 2020-க்குப் பிறகு வந்த ஒரு கட்டுரையின் டிஓஐ-யை ஒட்டுங்கள்” என்பது ஆளுக்கு ஆள் விடை மாறும் வினா. அதைக் கணினி திருத்தாது. ஆனால் 60 விடைகளும் ஒரே ஷீட்டில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பார்க்க அரை நிமிடம் என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்று இந்த வினாவுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: ஏஐ செயலியைக் கேட்டு எழுதியவர் ஒட்டிய டிஓஐ எங்குமே திறக்காமல் போவதும் உண்டு, அல்லது வேறு ஏதோ துறைக் கட்டுரையைத் திறக்கும். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பழைய எழுத்துருவும் இங்கே வந்து சேரும். பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய தமிழ்க் குறிப்புகளை கூகுள் டாக்கில் ஏற்றினால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ்த் துறை ஆய்வாளர்களின் வகுப்பில் இது முதல் வாரமே தலைகாட்டும். யூனிகோடுக்கு மாற்றும் கருவியின் இணைப்பை முதல் பாடத்திலேயே போட்டுவிடுங்கள். தேடலுக்கும் ஒப்புமை அறிக்கைக்கும் யூனிகோடு எழுத்துதான் செல்லும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்த ஆண்டு வகுப்பை நகலெடுத்தால் தலைப்புகளும் அசைன்மென்ட்களும் வரைவாக வந்துவிடும், மாணவர்களும் பழைய அறிவிப்புகளும் வர மாட்டார்கள். 60 பேர் என்ற அளவுக்கு இது தாராளம்.

மூடுல்

மூடுல் 2002 முதல் இருக்கும், இணையப் பாடம் நடத்துவதற்கான திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ‘இலவசம்’ என்ற இந்தச் சொல்லை நம்பி இறங்கி, பாதியில் விட்ட கல்லூரிகள் உண்டு. மென்பொருள்தான் இலவசம். அதைத் தாங்கும் சர்வர், பதிப்பு மாற்றும் ஆள், காப்பு நகல் எடுக்கும் ஒழுக்கம் ஆகியவை இலவசம் அல்ல.

ஆனாலும் கிளாஸ்ரூமில் முடியாத மூன்று இதில் முடியும். வினா வங்கியிலிருந்து ஆளுக்கு வேறு வினா எடுத்துக் கொடுக்கும். முதல் பாடத்தின் தேர்வில் 60 விழுக்காடு வாங்கினால்தான் இரண்டாம் பாடம் திறக்கும் என்று பூட்டுப் போடலாம். யார் எந்தப் பாடத்தை எப்போது திறந்தார் என்ற பதிவு முழுவதும் இருக்கும். கிரெடிட் பாடத்தில் மதிப்பெண்ணைக் கேள்வி கேட்டால் காட்ட இந்தப் பதிவுதான் கை கொடுக்கும்.

வினா வங்கி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எச்-இன்டெக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஒருவரின் ஐந்து கட்டுரைகள் 25, 8, 5, 3, 3 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவருடைய எச்-இன்டெக்ஸ் எவ்வளவு? விடை 3. மூன்றாவது கட்டுரைக்கு மூன்றுக்குக் குறையாத மேற்கோள் உண்டு, நான்காவதற்கு நான்கு இல்லை. எண்களை மட்டும் மாற்றி இப்படி எட்டு வினா எழுதி ஒரு தொகுப்பில் போட்டால் ஒவ்வொருவருக்கும் ஒன்று வரும். பக்கத்து நண்பரிடம் விடையைக் கேட்டுப் பயனில்லை, வழியைத்தான் கேட்க வேண்டும். மேற்கோள் குறிப்பு எழுதுவதற்கும் இதே உத்தி: சரியான குறிப்பு ஒன்றில் ஆண்டையோ தொகுதி எண்ணையோ பக்கத்தையோ மட்டும் மாற்றிவிட்டு, இணைப்பைக் கொடுத்து, பிழை எந்த உறுப்பில் என்று கேட்பது. ஆறு குறிப்பு, ஆறு பிழை, அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

இனி, எங்கே உடையும்? நிறுவியதும் முதல் நாள் உடைவது கோப்பு ஏற்றுவதில். சர்வரில் மூடுலை இயக்கும் பிஎச்பி-யின் இயல்பான வரம்பு 2 எம்பி. மூடுலுக்குள் எவ்வளவு கூட்டிப் போட்டாலும் சர்வர் அமைப்பில் கூட்டாதவரை மாணவரின் 5 எம்பி பிடிஎஃப் ஏறாது. “சார், அப்லோடு ஆகல” என்று இருபது பேர் சொல்வார்கள், நீங்கள் இணைய வேகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது ‘கிரான்’ என்னும் பின்னணி வேலை. அது நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நிறுவியவர் அதை அமைக்க மறந்திருந்தால் அறிவிப்பு மெயில்கள் போகாது, பின்னணியில் நடக்க வேண்டிய மற்ற வேலைகளும் தேங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தளம் நன்றாக ஓடுவது போலவே தெரியும்.

பூட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. முதல் தேர்வில் ஒரே ஒரு கட்டுரை வினாவைச் சேர்த்திருந்தால், அதை நீங்கள் திருத்தும் வரை யாருக்கும் மொத்த மதிப்பெண் வராது. மதிப்பெண் வராததால் இரண்டாம் பாடம் யாருக்கும் திறக்காது. பூட்டுப் போட்ட தேர்வில் கணினி திருத்தும் வினாக்கள் மட்டுமே இருக்கட்டும்.

60 பேரும் இரவு 8 மணிக்கு ஒரே நேரத்தில் தேர்வு தொடங்கினால் மலிவான பகிர்வு ஹோஸ்டிங் திணறும். தேர்வை மூன்று நாள் திறந்து வைத்து, தொடங்கியதிலிருந்து 20 நிமிடம் என்று வைத்தால் சுமை தானாகப் பிரிந்துவிடும். வீடியோக்களை மூடுலில் ஏற்றாதீர்கள், யூடியூப் இணைப்பைப் பதித்தால் போதும். பருவ முடிவில் பாடம் முழுவதையும் ஒரே காப்புக் கோப்பாக இறக்கி, அடுத்த ஆண்டு மாணவர் விவரம் இல்லாமல் திரும்ப ஏற்றலாம். பத்து ஆண்டுக்கு ஒரே பாடத்தை நடத்தப் போகிறவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே மூடுல் தகும்.

கல்லூரியில் ஏற்கெனவே மூடுல் ஓடுகிறது, கணினித் துறையில் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் அதில் ஒரு பாடம் கேளுங்கள். நூலகத்துக்காக மட்டும் புதிதாக நிறுவ வேண்டுமென்றால், வேண்டாம்.

ஸ்வயம்

ஒன்றிய அரசின் இணையப் பாடத் தளமாக 2017-இல் தொடங்கிய ஸ்வயத்தில் பாடம் எடுப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வீடியோ, எழுத்துப் பாடம், விவாத மேடை, மதிப்பீடு என்று நான்கு பகுதிகளும் தயாராக வேண்டும், ஒருங்கிணைக்கும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், ஸ்டூடியோ வேண்டும். பல்கலைக்கழக நூலகவியல் துறைகளுக்கான வேலை அது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பாடத்தில் மாணவர்களைச் சேர்த்துவிட்டு, உங்கள் கல்லூரித் தரவுத்தளங்களுக்கான செய்முறையை மட்டும் நீங்கள் நடத்துவது நடக்கக்கூடிய காரியம்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

கிளாஸ்ரூமில் நடக்கும் தரவுத்தள அலகில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை இரண்டு வீடியோ, தலா 6 நிமிடம்: தேடுசொல் உருவாக்குவது ஒன்று, இணைப்புச் சொற்கள் ஒன்று. இரண்டும் மாறாத பொருள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: இந்த மாத நிலவரப்படி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்டில் எப்படி நுழைவது. புதன் மாலை 7 முதல் 8 வரை நேரலை, மேலே சொன்ன இரண்டு சுற்று. தமிழ் ஆய்வாளர்கள் இருந்தால் ஒரு சுற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும், ஈழத்து நூல்களும் இதழ்களும் வேண்டுவோருக்கு நூலகம் தளத்துக்கும் ஒதுக்குங்கள். ஆங்கிலத் தரவுத்தளங்களிலேயே அவர்களைச் சுற்றவிடுவதில் பயனில்லை. வெள்ளி இரவுக்குள் ஃபார்ம்: பயன்படுத்திய தேடுசொல் தொடர், கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கை, தேர்ந்தெடுத்த மூன்று ஆய்வேடுகள், அவற்றில் ஒன்றை ஏன் விட்டுவிடலாம் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் மாணவர் உண்மையிலேயே திறந்து பார்த்தாரா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பேசுவது தமிழில் இருக்கட்டும். திரையில் உள்ள பொத்தான்களின் பெயரை மட்டும் அங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். ‘மேம்பட்ட தேடல்’ என்று நீங்கள் சொன்னால் திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஜோடேரோ போன்ற மேற்கோள் மென்பொருளை வேர்டோடு இணைத்துக் கற்பிக்கும் வாரத்துக்குக் கணினி வேண்டும். கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களை முன்கூட்டியே கேட்டறிந்து, நூலகக் கணினிகளில் சனிக்கிழமை நேரம் ஒதுக்குங்கள். சந்தா இதழ்க் கட்டுரைகளின் பிடிஎஃபை வகுப்பில் ஏற்றாதீர்கள், உள்நுழைந்து திறக்கும் இணைப்பைக் கொடுங்கள். சந்தா ஒப்பந்தம் ஒரு காரணம், அவர்களே உள்நுழைந்து பழகுவதுதான் பாடம் என்பது இன்னொரு காரணம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருந்தால் ஸ்கேன் செய்த பக்கங்களைத் திரைவாசிப்பான் படிக்காது. எழுத்து வடிவக் குறிப்பு அவருக்கு முதல் நாளே போக வேண்டும்.

சான்றிதழ்

பொதுமுடக்கக் காலத்தில் பத்து வினாவுக்கு விடை சொன்னால் மின்சான்றிதழ் என்று நூலகங்கள் போட்டி போட்டுக்கொண்டு நடத்தின. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது, உங்கள் வகுப்புக்கும் “சர்டிபிகேட் உண்டா சார்?” என்றுதான் முதல் கேள்வி வரும். கொடுங்கள், ஆனால் கையால் திருத்திய அந்த ஒரு அசைன்மென்டில் தேறியவருக்கு மட்டும். ஃபார்மோடு இணைந்து தானே அனுப்பும் நீட்சிகள் பல, சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்கு மேல் அனுப்பாது. 60 பேர் வகுப்புக்கு இது தடையில்லை. 300 பேர் சேர்ந்த பயிற்சியில் 100 பேருக்குப் போய் மற்றவர்களுக்கு நின்றுவிடும், அன்று நூலகத் தொலைபேசி ஓயாது.

தொடங்குவதற்கு ஒரு வாரம் முன் ஒத்திகை பாருங்கள். ஆசிரியர் கணக்கில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மாணவர் கணக்கு ஒன்றை உருவாக்கி, நூலக வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி டேட்டாவில், மாலை 7 மணிக்கு மேல் உள்ளே போங்கள். ஒரு வீடியோ பாருங்கள், ஒரு தேர்வு எழுதுங்கள், 5 எம்பி கோப்பு ஒன்றை ஏற்றுங்கள், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்து மெயில் வருகிறதா பாருங்கள். எங்கே நின்றீர்களோ அந்த இடத்தின் திரையைப் படம்பிடித்து, முதல் வாரக் குறிப்பில் முதல் பக்கமாக வையுங்கள்.